கரண்டு வந்தது, டேட்டாபேஸ் வரவில்லை

காலை ஐந்தரைக்குத் தோவாளையிலிருந்து போன் வந்தால் அது பூ விலை சொல்வதற்காக இருக்காது. "தம்பி, கரண்டு வந்தாச்சு. மிசின் ஓடுது. பில்லு மட்டும் வரமாட்டேங்கு." ராத்திரி மழையில் கரண்டு போயிருக்கும், யுபிஎஸ் கொஞ்ச நேரம் தாங்கிவிட்டுக் கைவிட்டிருக்கும், விடியும்போது மிசின் தானாக எழுந்திருக்கும். கடைக் கணக்கெல்லாம் இருக்கிற டேட்டாபேஸ் மட்டும் எழுந்திருக்காது. "அண்ணாச்சி, ஒண்ணும் தொடாண்டாம், நான் சொல்லுதத மட்டும் அடிங்க" என்பதுதான் என் முதல் பதில்.

நாகர்கோவிலில் இருந்துகொண்டு சிறு கடைகளின் லினக்ஸ் மிசின்களைக் கவனித்துக்கொள்கிறேன். குலசேகரத்தில் ரப்பர் ஷீட் கடை, தக்கலையில் கிளினிக், குளச்சலில் மீன் வியாபாரம், கன்னியாகுமரியில் லாட்ஜ். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நனைக்கிற மாவட்டம் இது. ஆகவே கரண்டு போவதற்கும் எங்களுக்கு இரண்டு சீசன். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்டே இல்லை. அது திரும்பி வந்த வாரத்தில்தான் "தானாகத் தொடங்கவில்லை" என்ற ஒரே புகாருக்குள் எத்தனை வியாதி இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

கட்டளைகளைப் போனில் சொல்லிக்கொடுக்கிற மாதிரி ஒலியாகவே தருகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்ட வேண்டும். உதாரணத்துக்கு மரியாடிபி என்ற டேட்டாபேஸ் என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் வேறு இருந்தால் அதன் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்.

தொடங்குவதற்கு முன்னால் பாருங்கள்

எல்லோரும் செய்கிற தப்பு, உடனே கையால் ஸ்டார்ட் கொடுத்துவிடுவது. அது ஓடத் தொடங்கும், கடையும் நடக்கும், அடுத்த மழைக்கு மறுபடி போன் வரும். பூட் ஆன நேரத்தில், அதாவது மிசின் எழுந்த நேரத்தில், டிஸ்க் மவுண்ட் ஆகியிருந்ததா (சிஸ்டத்தோடு இணைந்திருந்ததா), ஐபி முகவரி வந்திருந்ததா என்பதெல்லாம் பத்து நிமிடத்தில் மாறிவிடுகிற விஷயங்கள். அதனால் எதையும் தொடாமல் முதலில் இந்த மூன்றையும் அடித்து, வருவதைப் போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்:

சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் மரியாடிபி
சிஸ்டம்சிடிஎல் இஸ்-எனேபிள்ட் மரியாடிபி
சூடோ ஜர்னல்சிடிஎல் -யு மரியாடிபி -பி

மூன்றாவதில் உள்ள "-பி" (பூட் என்பதன் முதல் எழுத்து) இந்த முறை பூட் ஆனதிலிருந்து வந்த வரிகளை மட்டும் காட்டும். "-பி -1" என்று கொடுத்தால் போன பூட். அதற்கு ஒன்றும் வரவில்லை என்றால் லாக் (மிசின் எழுதும் நடப்புக் குறிப்பு) நினைவகத்தில் மட்டும் எழுதப்பட்டு, அணைந்ததும் போய்விடுகிறது என்று அர்த்தம். /வார்/லாக்/ஜர்னல் என்று ஒரு டைரக்டரி உருவாக்கிவிட்டால் பெரும்பாலும் அடுத்த பூட்டிலிருந்து டிஸ்கில் தங்கும். அடுத்த முறை உங்களைக் காப்பாற்றப்போவது அதுதான், இன்றைக்கே செய்துவிடுங்கள்.

அறிகுறி: இன்ஆக்டிவ் என்கிறது, லாக்கில் ஒரு வரிகூட இல்லை

இதுதான் இருப்பதிலேயே சுலபம். சர்வீஸ் (பின்னணியில் ஓடுகிற நிரல், இங்கே டேட்டாபேஸ்) தோற்கவில்லை, அதை யாரும் கூப்பிடவே இல்லை. இஸ்-எனேபிள்டுக்கு "டிசேபிள்ட்" என்று பதில் வரும். ஸ்டார்ட் என்பது இப்போதைக்கு ஓடு என்பது. எனேபிள் என்பது ஒவ்வொரு பூட்டிலும் ஓடு என்பது. ஒன்று செய்தால் மற்றது வராது. இரண்டும் சேர்த்து:

சூடோ சிஸ்டம்சிடிஎல் எனேபிள் --நவ் மரியாடிபி

எனேபிள் செய்வதில் மாயம் ஒன்றும் இல்லை. /இடிசி/சிஸ்டம்டி/சிஸ்டம்/ அடியில் உள்ள மல்ட்டி-யூசர்.டார்கெட்.வான்ட்ஸ் டைரக்டரிக்குள் சர்வீஸ் கோப்பைச் சுட்டும் ஒரு சிம்லிங்க் போடுகிறது, அவ்வளவுதான். டெபியன், உபுண்டு வகை லினக்ஸில் பேக்கேஜை நிறுவும்போதே அது தானாக நடந்துவிடும். ரெட்ஹாட் குடும்பத்தில் நடக்காது, நாம்தான் செய்ய வேண்டும். உபுண்டு பழகியவர்கள் ரெட்ஹாட் வழியில் வந்த ராக்கி, அல்மா பக்கம் போனால் முதல் மழையில் மாட்டுவது இங்கேதான். அதே குடும்பத்தில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் என்றால் இன்னொரு படியும் உண்டு: போஸ்ட்கிரெஸ்க்யூஎல்-செட்டப் --இனிட்டிபி என்று ஒருமுறை ஓட்டி டேட்டா டைரக்டரியை உருவாக்காவிட்டால் எனேபிள் செய்தும் பலனில்லை.

"மாஸ்க்ட்" என்று வந்தால் யாரோ வேண்டுமென்றே பூட்டி வைத்திருக்கிறார்கள். அன்மாஸ்க் கொடுத்தால் திறக்கும். ஆனால் ஏன் பூட்டினார்கள் என்று கேட்டுவிட்டுத் திறங்கள். அதே மிசினில் இரண்டாவது டேட்டாபேஸ் ஒன்று அதே போர்ட்டில் ஓடிக்கொண்டிருக்கலாம்.

"அப்படி ஒரு யூனிட்டே இல்லை" என்று வந்தால் பெயர் தப்பு (யூனிட் என்பது ஒரு சர்வீஸை எப்படித் தொடங்குவது என்று எழுதிவைத்த கோப்பு). மைஎஸ்க்யூஎல் உபுண்டுவில் "மைஎஸ்க்யூஎல்", ரெட்ஹாட் பக்கம் கடைசியில் ஒரு டி சேர்ந்து "மைஎஸ்க்யூஎல்டி". ரெடிஸ் டெபியனில் "ரெடிஸ்-சர்வர்", அந்தப் பக்கம் வெறும் "ரெடிஸ்". மோங்கோவுக்கு "மோங்கோடி". பெயர் சரியாக இருந்தும் கிடைக்கவில்லை என்றால், எக்ஸாம்ப் மாதிரி /ஆப்ட் டைரக்டரியில் தனியாகக் குந்தியிருக்கிற தொகுப்பா, தனிப்பெட்டியில் அடைத்து ஓட்டுகிற டாக்கர் கன்டெய்னரா என்று பாருங்கள். டாக்கர் என்றால் டாக்கர் சர்வீஸே எனேபிள் ஆகியிருக்க வேண்டும். கன்டெய்னருக்கும் ரீஸ்டார்ட் கொள்கை வேண்டும்:

சூடோ டாக்கர் அப்டேட் --ரீஸ்டார்ட் அன்லெஸ்-ஸ்டாப்ட் கன்டெய்னர்பெயர்

அறிகுறி: பச்சையாக ஆக்டிவ் என்கிறது, இணைப்பு மட்டும் கிடைக்கவில்லை

டெபியன், உபுண்டுவில் போஸ்ட்கிரெஸ் வைத்திருப்பவர்களுக்கு மட்டும். ஸ்டேட்டஸில் ஆக்டிவ் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் "எக்ஸிட்டட்" என்று இருக்கிறதா பாருங்கள். அந்தச் சர்வீஸ் வெறும் பெயர்ப்பலகை. /பின்/ட்ரூ என்ற ஒன்றும் செய்யாத கட்டளையை ஓட்டிவிட்டு "முடிந்தது" என்று பச்சை விளக்கு எரிக்கும். உள்ளே கடை திறந்திருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. உண்மையான சர்வீஸின் பெயர் போஸ்ட்கிரெஸ்க்யூஎல்@14-மெயின் மாதிரி, பதிப்பு எண்ணோடு இருக்கும். இதை அடித்தால் நிலவரம் தெரியும்:

பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ்

"டவுன்" என்று காட்டினால் /இடிசி/போஸ்ட்கிரெஸ்க்யூஎல்/14/மெயின்/ஸ்டார்ட்.கான்ஃப் கோப்பைத் திறங்கள். அதற்குள் "ஆட்டோ" என்று இருக்க வேண்டும். "மேனுவல்" என்று இருந்தால் பூட்டில் தொடங்காது, எத்தனை முறை எனேபிள் செய்தாலும் சரி. பழைய பதிப்பிலிருந்து புதியதற்கு மாறும்போது மாற்றும் கருவியே பழையதை மேனுவல் ஆக்கிவிடும், அது சரிதான். அப்புறம் யாராவது பழையதைத்தான் வேண்டும் என்று திரும்பிப் போயிருந்தால், இந்த ஒரு சொல்தான் குறுக்கே நிற்கும்.

அறிகுறி: பூட்டில் தோற்கிறது, கையால் தொடங்கினால் ஓடுகிறது

என் நேரத்தில் பெரும்பகுதியை இதுதான் தின்கிறது. சர்வீஸில் குறை இல்லை, கூப்பிட்ட நேரத்தில்தான் குறை. பூட் ஆகும் அந்தச் சில வினாடிகளில் டேட்டாபேஸுக்குத் தேவையான ஏதோ ஒன்று இன்னும் வந்து சேரவில்லை. நீங்கள் போய் ஸ்டார்ட் கொடுக்கும்போது வந்திருக்கிறது. அந்த ஒன்று எது என்று லாக் சொல்லும்.

டேட்டா டைரக்டரியைக் காணோம் என்றோ அனுமதி இல்லை என்றோ லாக் சொன்னால், டிஸ்க். சிஸ்டம் இருக்கும் முதல் டிஸ்கில் இடம் போதாமல் இரண்டாவது டிஸ்க் போட்டு டேட்டாவை அங்கே நகர்த்தியிருப்பார்கள். எந்த டிஸ்க் எங்கே மவுண்ட் ஆக வேண்டும் என்று சொல்லும் /இடிசி/எஃப்எஸ்டேப் கோப்பில் சாதாரணமாக எழுதப்பட்ட டிஸ்க் சர்வீஸ்களுக்கு முன்பே மவுண்ட் ஆகிவிடும். ஆனால் அந்த வரியில் "நோஃபெயில்" என்று போட்டிருந்தால் பூட் அதற்காகக் காத்திருக்காது. டிஸ்க் செத்தாலும் மிசின் எழ வேண்டுமே என்று நல்லெண்ணத்தில் போட்டதுதான். போட்டவனே நானாகவும் இருந்திருக்கிறேன். நோஃபெயிலை எடுக்க வேண்டாம். டேட்டாபேஸிடம் காத்திரு என்று சொன்னால் போதும்:

சூடோ சிஸ்டம்சிடிஎல் எடிட் மரியாடிபி

திறக்கிற கோப்பில், சதுர அடைப்புக்குள் யூனிட் என்று ஒரு வரி, அதன் கீழே:

ரிக்வயர்ஸ்மவுன்ட்ஸ்ஃபார்=/டேட்டா

இனி அந்த டிஸ்க் மவுண்ட் ஆகாமல் டேட்டாபேஸ் தொடங்காது. பேக்கேஜோடு வந்த யூனிட் கோப்பை நேரடியாகத் திருத்தாதீர்கள். அடுத்த அப்டேட்டில் உங்கள் வேலை அழிந்துவிடும். எடிட் கொடுத்தால் தனிக்கோப்பாக /இடிசி அடியில் நிற்கும். எஃப்எஸ்டேப்பில் எஸ்டிபி1 மாதிரிப் பெயர் இருந்தால் அதையும் யுயுஐடியாக (அந்த டிஸ்குக்கே உரிய மாறாத அடையாளம்) மாற்றுங்கள். பென்டிரைவ் ஒன்று செருகியிருந்தாலே அந்தப் பெயர் இடம் மாறக்கூடும்.

இதிலேயே பயங்கரமான ஒன்று உண்டு. குளச்சலில் ஒரு மிசின், ரெட்ஹாட் குடும்பம். இரண்டாவது டிஸ்க் நேராக /வார்/லிப்/மைஎஸ்க்யூஎல் மீதே மவுண்ட் ஆகும்படி வைத்திருந்தார்கள். ஒரு நாள் டிஸ்க் வரத் தாமதம். அந்தக் குடும்பத்து மரியாடிபி, டேட்டா டைரக்டரி காலியாக இருந்தால் தொடங்கும் முன் அங்கே புதிதாக ஒரு டேட்டாபேஸை உண்டாக்கிவிடும். அதுதான் நடந்தது. சர்வீஸ் பச்சையாக ஓடியது, ஒரு பிழையும் இல்லை, மூன்று வருட ஏலக் கணக்கைக் காணோம். கடைக்காரர் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. டேட்டா அழியவில்லை, மவுண்ட் ஆகாத டிஸ்கில் அப்படியே இருந்தது. சர்வீஸை நிறுத்தி, டிஸ்கை மவுண்ட் செய்து, மறுபடி தொடங்கினேன். அப்போதிருந்து, டிஸ்க் கழன்றிருக்கும்போது காலி டைரக்டரிக்கு "சிஎச்ஆட்ரிபியூட் +ஐ" போட்டுவிடுகிறேன் (தட்டும்போது சி, எச், ஏ, இரண்டு டி, ஆர்). அதன்மேல் டிஸ்க் மவுண்ட் ஆகும். மவுண்ட் ஆகாதபோது அதற்குள் ரூட்டாலும் (முழு அதிகாரம் உள்ள பயனராலும்) எழுத முடியாது. ரிக்வயர்ஸ்மவுன்ட்ஸ்ஃபார் வரியும் கூடவே இருக்கட்டும்.

"கேட்கும் முகவரியை ஒதுக்க முடியவில்லை" என்ற பொருளில் பிழை வந்தால், நெட்வொர்க். டேட்டாபேஸ் எந்த முகவரியில் கேட்க வேண்டும் என்று சொல்லும் பைண்ட்-அட்ரஸில் 192.168.1.10 மாதிரி ஒரு குறிப்பிட்ட முகவரி எழுதியிருப்பீர்கள். எஸ்எஸ்டி போட்ட மிசின் அரை நிமிடத்தில் எழுந்துவிடும். யுபிஎஸ்ஸில் இல்லாத ரவுட்டரும் ஸ்விட்சும் நிதானமாக எழும். கேபிளின் மறுமுனைக்கு உயிர் வராமல் முகவரி வராது, முகவரி இல்லாமல் மைஎஸ்க்யூஎல், மரியாடிபி தொடங்காது. யூனிட் பகுதியில் இந்த இரண்டு வரிகளைப் போடுங்கள்:

வான்ட்ஸ்=நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்
ஆஃப்டர்=நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்

வெறும் நெட்வொர்க்.டார்கெட் போதாது, அது நெட்வொர்க் தயார் என்று உறுதி சொல்வதில்லை. இந்த ஆன்லைன் டார்கெட்டும் எவ்வளவு நேரமும் காத்திருக்காது, கெடு முடிந்தால் விட்டுவிடும். ஆகவே நான் விரும்புவது வேறு: பைண்ட்-அட்ரஸை 0.0.0.0 என்று வைத்துவிட்டு, கடைக்குள் இருக்கும் முகவரிகளுக்கு மட்டும் ஃபயர்வாலில் வழி விடுவது. ரவுட்டர் எப்போது எழுந்தாலும் கவலை இல்லை. ஃபயர்வால் போடாமல் 0.0.0.0 மட்டும் வைப்பது, வீட்டுக் கதவைத் திறந்துபோட்டுவிட்டு ஊருக்குப் போவது. அதோடு ஸ்விட்சையும் யுபிஎஸ்ஸில் செருகுங்கள். எந்தக் கட்டளையையும் விட மலிவான வைத்தியம்.

சாக்கெட்டை (அதே மிசினில் உள்ள நிரல்கள் டேட்டாபேஸோடு பேசும் வாசல்) உருவாக்க முடியவில்லை, அப்படி ஒரு டைரக்டரி இல்லை என்றால், /ரன். அது நினைவகத்தில் இருப்பது. ஒவ்வொரு பூட்டிலும் காலியாகப் பிறக்கும். போன முறை நீங்கள் கையால் உருவாக்கிய /ரன்/மைஎஸ்க்யூஎல்டி இந்த முறை இருக்காது. எடிட் கோப்பின் சர்வீஸ் பகுதியில் (சதுர அடைப்புக்குள் சர்வீஸ் என்று எழுதி, அதன் கீழே) ரன்டைம்டைரக்டரி=மைஎஸ்க்யூஎல்டி என்ற வரியைச் சேர்த்தால், சர்வீஸ்களைத் தொடங்கி நிறுத்துகிற சிஸ்டம்டியே ஒவ்வொரு முறையும் உருவாக்கித் தரும்.

அறிகுறி: சர்வரில் வேலை செய்கிறது, கவுண்டரில் இல்லை

போஸ்ட்கிரெஸுக்கு உரிய குணம். கேட்க வேண்டிய முகவரிகளில் ஒன்று இன்னும் வரவில்லை என்றால், லாக்கில் ஒரு எச்சரிக்கை எழுதிவிட்டு, லோக்கல்ஹோஸ்டில் (அதே மிசினுக்குள்) மட்டும் கேட்டுக்கொண்டு சந்தோஷமாக ஓடும். ஸ்டேட்டஸில் குறையே தெரியாது. லாட்ஜில் ரிசப்ஷன் மிசின் மட்டும் இணையாமல் நின்றபோது கேபிளை மாற்றி, ஸ்விட்சை மாற்றி அரை நாள் போனது எனக்கு. ரீஸ்டார்ட் கொடுத்ததும் சரியானபோதுதான் பொறி தட்டியது. இதை அடித்தால் எந்த முகவரியில் கேட்கிறது என்று தெரியும் (கடைசி "பி", போஸ்ட்கிரெஸ் என்பதன் முதல் எழுத்து):

சூடோ எஸ்எஸ் -எல்டிஎன்பி

5432 என்ற எண்ணுக்கு முன்னால் 127.0.0.1 மட்டும் இருந்தால் இதுதான். போஸ்ட்கிரெஸ் அமைப்பில் உள்ள லிசன்_அட்ரசஸ் மதிப்பை ஒற்றை மேற்கோளுக்குள் நட்சத்திரக் குறியாக வைத்து, யார் வரலாம் என்பதை பிஜி_எச்பிஏ.கான்ஃப் கோப்பில் கட்டுப்படுத்துங்கள்.

அறிகுறி: ரொம்ப நேரம் முயன்றுவிட்டு டைம்அவுட் என்று சாகிறது

கரண்டு சட்டென்று போன பிறகு மட்டும் வரும். முறையாக மூடாத டேட்டாபேஸ் தன் லாக்கைப் படித்து விட்ட இடத்திலிருந்து சரிசெய்துகொள்ளும். பெரிய டேட்டா, பழைய ஹார்டு டிஸ்க் என்றால் அதற்குப் பல நிமிடம் ஆகும். யூனிட் கோப்பு வேறு எதுவும் சொல்லாவிட்டால் சிஸ்டம்டி 90 வினாடிதான் பொறுக்கும். பிறகு கொன்றுவிடும். மறுபடி தொடங்கினால் மீட்பு வேலை மறுபடி நடக்கும், மறுபடி கொலை. பார்ப்பவருக்கு டேட்டாபேஸ் கெட்டுப்போனது போலத் தெரியும். இந்தக் கட்டத்தில் பதறி டேட்டா டைரக்டரியில் கைவைத்து ஐபி_லாக்ஃபைல் மாதிரிக் கோப்புகளை அழித்தவர்களை அறிவேன். அப்போதுதான் உண்மையிலேயே கெடும். சர்வீஸ் பகுதியில்:

டைம்அவுட்ஸ்டார்ட்செக்=இன்ஃபினிட்டி

என்று எழுதி, தொடங்கிவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். வேறொரு டெர்மினலில் லாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது நகர்வது தெரியும். அதற்கு முன் "டிஎஃப் -எச்" அடித்து டிஸ்கில் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இடமே இல்லாத டிஸ்கில் மீட்பும் நடக்காது.

அறிகுறி: "மிக வேகமாகத் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டது"

இது காரணம் இல்லை, விளைவு. 10 வினாடிக்குள் 5 முறை தொடங்கித் தோற்றால் சிஸ்டம்டி கையை விரித்துவிடும். லாக்கில் மேலே ஏறிப் போய் முதல் தோல்வியைப் படியுங்கள். சரிசெய்த பிறகு சிஸ்டம்சிடிஎல் ரீசெட்-ஃபெயில்ட் கொடுத்துவிட்டுத் தொடங்கலாம்.

அறிகுறி: யாராவது லாகின் செய்த பிறகுதான் ஓடுகிறது

டேட்டா வெளி டிஸ்கில் இருந்து, அதன் பாதை /மீடியா என்று தொடங்கினால் விடை அதுவே. டெஸ்க்டாப்தான் லாகின் ஆனதும் அந்த டிஸ்கை மவுண்ட் செய்கிறது. எஃப்எஸ்டேப்பில் நிரந்தர இடம் கொடுங்கள். இல்லை, சர்வீஸையே "--யூசர்" போட்டு உருவாக்கியிருக்கிறீர்கள் என்றால், லாகின்சிடிஎல் எனேபிள்-லிங்கர் கொடுத்தால் லாகின் இல்லாமலும் ஓடும். டேட்டாபேஸுக்கு நான் அந்த வழியைச் சொல்லமாட்டேன். சிஸ்டம் சர்வீஸாக மாற்றிவிடுங்கள்.

அறிகுறி: டேட்டாபேஸ் ஓடுகிறது, பில்லிங் சாப்ட்வேர்தான் செத்துக் கிடக்கிறது

பில்லிங் முந்திவிட்டது. அதன் யூனிட்டில் ஆஃப்டர்=மரியாடிபி.சர்வீஸ், வான்ட்ஸ்=மரியாடிபி.சர்வீஸ் என்று இரண்டும் வேண்டும். ஆஃப்டர் வரிசையை மட்டும் சொல்லும், வான்ட்ஸ் கூப்பிடும். கூடவே ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெயிலியர், ரீஸ்டார்ட்செக்=10 என்று சர்வீஸ் பகுதியில் போட்டுவிட்டால் சின்னத் தடுமாற்றங்களைத் தானே தாண்டிவிடும்.

அறிகுறி: மிசினே எழவில்லை

லினக்ஸுக்குச் சம்பந்தமே இல்லை. பயாஸில் (மிசின் எழும்போது முதலில் ஓடுகிற மதர்போர்டு நிரல்) கரண்டு திரும்பினால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு அமைப்பு இருக்கும். அதை ஆன் என்று வையுங்கள். வைத்தும் மறந்துபோகிறது என்றால் மதர்போர்டில் உள்ள வட்ட பேட்டரி, பெரும்பாலும் சிஆர்2032, தீர்ந்துவிட்டது. மேற்குக் கடற்கரையில் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பிளக்கைப் பிடுங்கி மூலையில் வைத்த மிசின் ஆகஸ்டில் தேதியையும் மறந்து, இதையும் மறந்து எழுவதற்கு அந்தச் சின்ன பேட்டரிதான் காரணம்.

சரிசெய்த பிறகு

சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் கொடுத்து ஓடுவதைப் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள். அது பூட் அல்ல. பேக்கப் எடுத்துவிட்டு சூடோ ரீபூட் கொடுங்கள். திரை வந்ததும் லாகின் செய்யாமல், கவுண்டர் மிசினிலிருந்து ஒரு பில் போட்டுப் பாருங்கள். பிறகு ரவுட்டரையும் ஸ்விட்சையும் அணைத்துவிட்டு இன்னொரு முறை ரீபூட். மூன்று நிமிடம் கழித்து அவற்றை ஆன் செய்து மறுபடி ஒரு பில். பவர் கார்டைப் பிடுங்கிச் சோதிக்கச் சொல்பவர்களும் உண்டு. ஓடுகிற டேட்டாபேஸில் நான் அதைச் செய்வதில்லை. அந்தச் சோதனையை ஐப்பசி மழை எப்படியும் நடத்திக்கொள்ளும்.